துண்டுக்கடியில் பேசிய விலை

என் மனைவியின் வாயைப் பற்றி நான் குறை சொல்லாத நாள் கிடையாது. பாளையங்கோட்டைச் சந்தையை ஒட்டி எங்களுக்கு ஒரு வாழைப்பழக் கடை இருந்தது. கடையில் உட்கார்ந்து அவள் ஒரு சத்தம் போட்டால் தெருக்கோடியில் திரும்புகிற வண்டிக்காரன் கயிற்றை இழுத்து மாட்டை நிறுத்திவிடுவான். "ஏளா, பைய பேசு. இங்கன யாருக்கும் காது செவிடு இல்ல" என்பேன். "பைய பேசினா பழம் வாங்க யாரு வருவா?" என்பாள். அதையும் சத்தமாகத்தான் சொல்வாள்.

அந்தக் குரல் ஒரு நாள் போயிற்று. உயிரும் கூடவே போயிருக்க வேண்டியது, போகவில்லை. அவளை மீட்டுக் கொடுத்தது ஒரு நர்சம்மா. நான் இல்லை. பெரிய யுத்தம் ஆரம்பிப்பதற்கு ஓரிரண்டு வருஷம் முந்தி நடந்த காரியம். இத்தனை காலம் கழித்து நினைத்துப் பார்த்தாலும் எனக்கு நன்றி முதலில் வருவதில்லை. வயிற்றெரிச்சல்தான் முதலில் வருகிறது. நன்றி பின்னால் பைய வந்து சேருகிறது.

எங்கள் தொழிலைச் சொன்னால்தான் மற்றது புரியும். கடைக்குப் பின்னால் மண்சுவர் வைத்த சிறிய அறை ஒன்று உண்டு. குனிந்துதான் உள்ளே போக முடியும். களக்காட்டிலிருந்து வண்டியில் வருகிற காய்த்தார்களை அதற்குள் அடுக்கி, வாழைச் சருகால் மூடி, வாசலைப் பலகையால் அடைத்து மண் பூசிவிடுவோம். சுவரின் அடியில் ஒரு துளை இருக்கும். அடியில் ஓட்டை போட்ட பானையில் உமியும் சாண எருவாட்டியும் போட்டுக் கனியவைத்து, பானையின் வாயை அந்தத் துளையோடு பொருத்தி, ஓட்டையில் வாய் வைத்து ஊத வேண்டும். புகை உள்ளே போய் நிறையும். மறுநாள் திறந்தால் காய் மஞ்சளாகியிருக்கும். இதற்கு மூட்டம் போடுவது என்று பெயர்.

எங்கள் கடையில் மூட்டம் ஊதுகிறவள் அவள்தான். நான் ஊதினால் நாலு ஊதலுக்குள் இருமல் வந்துவிடும். அவள் களக்காட்டில் வாழைத்தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள். சின்ன வயசிலிருந்தே ஊதுகிறவள். ஊதி முடித்ததும் கரியாகத் துப்புவாள். கொஞ்ச நேரத்துக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டால் பழையபடி வாய் திறந்துவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, வாயே திறக்காமல், விரலைப் பிடித்துப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தார் மொத்தமாக வாங்கி விற்கிற எங்களுக்குள்ளும் அந்த வழக்கம் உண்டு. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை முழுதாகப் பிடித்தால் ஐந்து, உள்ளங்கையில் தட்டினால் பத்துப் பத்தாக ஏறும்.

கல்யாணமான புதிதில் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். வியாபாரத்துக்காக இல்லை. அப்போது வீடு நிறைய ஆட்கள். புருஷனும் பெண்டாட்டியும் பகலில் நாலு வார்த்தை பேச வழி கிடையாது. எதிரே என் அம்மா உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். என் துண்டு நுனிக்குக் கீழே இவள் விரல் வந்து சேரும். எதற்கு விலை பேசுகிறோம் என்று எங்களுக்கே தெரியாது. நான் சும்மா ஒரு எண் சொல்வேன், அவள் குறைப்பாள், நான் ஏற்றுவேன். கடைசியில் எப்போதும் அவள் கேட்டதுதான் நிற்கும். சிரிப்பை அடக்குவது அவள் தோளில் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் என்று தனியாக இருந்தது அது ஒன்றுதான்.

தீப்பிடித்த அன்று காலை ஒரு கல்யாண வீட்டுக்குப் பழம் கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் இரண்டும் களக்காட்டில் அவள் அம்மா வீட்டில் இருந்தார்கள்; அதுவரைக்கும் நல்லதாயிற்று. நான் தார் இறக்குவதற்காக வண்டிப்பேட்டைக்குப் போயிருந்தேன். அவள் மூட்ட அறையின் மண்ணை உடைத்துப் பலகையை எடுத்திருக்கிறாள். உள்ளே சருகில் ஒரு கங்கு விழுந்து கனிந்துகொண்டே கிடந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்துக்கொண்டது. வேறு யாராவது என்றால் வெளியே ஓடியிருப்பார்கள். இவள் கல்யாண வீட்டுத் தாரை எடுக்க உள்ளே போனாள்.

நான் வந்து சேரும்போது புகைக்குள்ளிருந்து குனிந்தபடி வெளியே வந்தாள், தோளில் ஒரு தாரோடு. அதை இறக்கிவைத்துவிட்டு மறுபடியும் திரும்பினாள். கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டுப் போனாள். இந்தத் தடவை வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது வலது கை முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. புருவம் கருகியிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தவர்களைப் பார்த்து, "தார் மேல ஊத்தாதீக! பழம் வீணாப் போயிரும்! சருகு மேல ஊத்துங்க!" என்று கத்தினாள். சந்தை முழுக்கக் கேட்டது. அவளுடைய பழைய குரலில் நான் கேட்ட கடைசிச் சத்தம் அதுதான்.

நாங்கள் எல்லோரும் கையைத்தான் பார்த்தோம். வாழைப்பட்டையைப் பிழிந்து சாற்றை ஊற்றினோம். குருத்து இலையைப் போர்த்தினோம். இருமி இருமிக் கரியாகத் துப்பினாள். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மூட்டம் ஊதுகிறவள் கரியாகத் துப்பாமல் வேறு எப்படித் துப்புவாள்? குரல் கட்டியது. அதுவும் வழக்கமாகக் கட்டுகிற குரல்தானே என்று ஒரு செம்பு தண்ணீரைக் கொடுத்தேன். வேறு வீட்டுப் பெண் யாராவது இப்படிக் கரியைத் துப்பியிருந்தால் அந்த நிமிஷமே ஊர் கூடியிருக்கும். புகையோடு பிழைக்கிற வீடு எங்கள் வீடு. புகை எங்களை ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

உச்சிவேளைக்குக் கஞ்சி கொடுத்தபோது அவளால் விழுங்க முடியவில்லை. மூக்கு வழியே திரும்பி வந்தது. மூச்சு இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, எண்ணெய் போடாத கிணற்றுக் கமலை உருளை சுற்றுகிற மாதிரி. பேசச் சொன்னேன். காற்றுத்தான் வந்தது. வண்டியைக் கட்டினேன்.

மிஷன்காரர்கள் பெண்களுக்கென்று நடத்திய ஆஸ்பத்திரி ஒன்று ஊரில் இருந்தது. டாக்டரம்மா வெள்ளைக்காரி, வேத புத்தகத்தைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித் தமிழ் பேசுவார். நர்சம்மா நம்மூர்ப் பெண். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவருடைய மகள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், என் மனைவி வயசுதான் இருக்கும். குட்டை உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, சிரிப்பு என்பதே இல்லாத முகம். எல்லோரும் மரியாதையாக நர்சம்மா என்றுதான் கூப்பிடுவோம். மனசுக்குள் நான் வேறு பெயர்களும் வைத்திருந்தேன். அவை இங்கே வேண்டாம்.

நான் இலையை விலக்கிக் கையைக் காட்டினேன். டாக்டரம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விளக்கைக் கொண்டுவரச் சொல்லி மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் பார்த்தார்.

"மூக்குக்குள்ள முடியெல்லாம் கருகிக் கிடக்கு" என்றாள் நர்சம்மா. "கரியாத் துப்பினாகளா, அண்ணாச்சி?"

"அது தினசரி துப்புவா, நர்சம்மா. மூட்டம் ஊதுதவ."

"தினசரி வெளிய உக்காந்து ஊதுதாக. இன்னைக்கு உள்ள போயில்லா புகையைக் குடிச்சிருக்காக! கை வெந்த மாதிரியே தொண்டையும் வெந்திருக்கு. கை வீங்குதது கண்ணுக்குத் தெரியுது. தொண்டை உள்ளுக்குள்ள வீங்கி வழியை அடைச்சிட்டு வருது."

முதலில் ஆவி பிடிக்க வைத்தார்கள். கட்டிலைச் சுற்றித் துணியால் கூடாரம் கட்டி, நீண்ட மூக்கு வைத்த கெண்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சாம்பிராணி மருந்து விட்டு, ஆவியை உள்ளே போக விட்டார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. புகை ஊதி ஊதிக் காயைப் பழுக்கவைத்தவளை இப்போது இவர்கள் மூட்டத்தில் போடுகிறார்கள் என்று நினைத்தேன். வெயில் சாய்வதற்குள் ஆவி போதாது என்று தெரிந்துவிட்டது. அவள் உதடு நாவல் பழ நிறத்துக்குப் போயிற்று. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே இழுத்துக்கொண்டது.

"கழுத்தில் துளையிட வேண்டும்" என்றார் டாக்டரம்மா.

"கழுத்தையா அறுக்கப் போறீக?" என்று நான் எழுந்துவிட்டேன்.

நர்சம்மா எனக்கு முன்னால் வந்து நின்றாள். "சின்னத் தொளைதான், அண்ணாச்சி. தொண்டைக்குக் கீழ. அதுல ஒரு வெள்ளிக் குழாய் வைப்பாக. மேல அடைச்சாலும் அது வழியா மூச்சு போவும். யோசிக்க நேரம் இல்ல. சரின்னு சொல்லுங்க."

சரி என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எதற்கும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

உள்ளே விட்டபோது அவள் கழுத்தில் நாடாவால் கட்டிய குழாய் இருந்தது. அதன் வழியே காற்று சர்ரென்று போவதும் வருவதுமாக இருந்தது. முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. அழுதுவிட்டேன். சந்தைக்காரன் எவனாவது அதைப் பார்த்திருந்தால் மறுநாள் என் கடையில் ஒரு சீப்பும் நான் சொன்ன விலைக்குப் போயிருக்காது. அவள் என்னைப் பார்த்து வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை. குரல் இருக்கிற இடத்துக்குக் கீழேயே மூச்சு வெளியே போய்விடுகிறது, குழாய் இருக்கும்வரை பேச்சு வராது என்று நர்சம்மா சொன்னாள். நான் பதறிவிட்டேன். அவளைப் பேசாதே பேசாதே என்று சொல்லி வாழ்ந்தவன் நான்.

பிறகுதான் மற்றது ஆரம்பித்தது.

அந்தக் குழாய் உண்மையில் இரண்டு குழாய்; ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே இருப்பதை அடிக்கடி எடுத்துக் கழுவ வேண்டும். வெந்த தொண்டையிலிருந்து கரியும் சளியும் தோலுமாக உரிந்து வந்து குழாயை அடைக்கும். கோழி இறகைக் கொதிநீரில் போட்டு எடுத்து, சோடா உப்புத் தண்ணீரில் நனைத்து, குழாய்க்குள் விட்டுச் சுழற்றி எடுப்பார்கள். இவள் கண் பிதுங்க இருமுவாள்; கரித்துணுக்கு தெறித்து வந்து விழும். அத்தனையும் நர்சம்மா செய்தாள். வெந்த கைக்கு மஞ்சள் மருந்தில் நனைத்த துணி போட்டதும் அவள்தான். ஆவிக் கெண்டி அணையாமல் பார்த்ததும் அவள்தான். அறையின் இன்னொரு கோடியில் யாருக்காவது கட்டுப் போட்டுக்கொண்டிருப்பாள்; சட்டென்று நிமிர்ந்து என் மனைவியின் கட்டிலுக்கு வந்து குழாயை எடுத்துப் பார்ப்பாள். அடைத்திருக்கும். மூச்சுச் சத்தம் மாறிவிட்டதாம். பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு மாற்றமும் கேட்டிருக்காது. என் பெண்டாட்டியின் மூச்சை என்னைவிட நன்றாக இன்னொருத்தி தெரிந்துவைத்திருந்தாள். அதைப் பொறுத்துக்கொள்கிற பெருந்தன்மை எனக்கு அப்போது இல்லை. இப்போதும் வந்ததாகத் தெரியவில்லை.

நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று சந்தையெல்லாம் அலைந்து இறகு சேர்த்துக்கொண்டு போனேன். சேவல் வால் இறகு, வான்கோழி இறகு, மயிலிறகுகூட இருந்தது. நர்சம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "இதை வச்சு சாமிக்கு வேணும்னா விசிறலாம், அண்ணாச்சி. எனக்கு வெடக்கோழி இறகு போதும்." என் மனைவி சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. குழாய் வழியே காற்று விட்டு விட்டு வந்தது. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அவளைச் சிரிக்க வைக்க இந்தச் சிரிக்காத மூஞ்சிதான் வேண்டியிருந்தது.

தினமும் ஒரு தார் பழம் கொண்டுபோய் வார்டுக்கே பங்கு வைப்பேன். ஆளுக்கு ஒரு நல்ல சீப்பு. நர்சம்மாவுக்கு மட்டும் தாரின் கடைசிச் சீப்பு, விரல் தண்டிக் காய்கள் உள்ளது. அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. என் மனைவி கவனித்தாள். தன் தலைமாட்டில் வைத்திருந்த சீப்பை இடது கையால் எடுத்து நர்சம்மாவிடம் நீட்டிவிட்டு, அந்தக் கடைச்சீப்பைத் தனக்கு வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தாள்.

வீக்கம் வடிந்த பிறகு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "குழாய் நெடுநாள் இருக்கலாகாது. அது பழக்கமாகிவிடும். தொண்டையும் சுருங்கிப்போகும். பிறகு சாகும்வரை குழாய்தான். சிறிது சிறிதாகக் குழாயை மூடி, தொண்டை வழியே மூச்சு விடப் பழக்க வேண்டும். அவள் அஞ்சுகிறாள். நீர் கணவர், நீர் செய்து பாரும்."

என்னைக் கூப்பிட்டதில் எனக்கு அத்தனை சந்தோஷம். போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். நர்சம்மா காட்டிக்கொடுத்தபடி குழாயின் வாயில் விரலை வைத்து மூடினேன். அவள் கண் விரிந்தது. அன்று மூச்சு முட்டி வண்டியில் கிடந்தபோது பார்த்த அதே கண். கையை எடுத்துவிட்டேன். "இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்லா அண்ணாச்சி, மூச்சு மேல போகத்தான் செய்யும்" என்றாள் நர்சம்மா. மறுபடி வைத்தேன். என் மனைவி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. எடுத்துவிட்டேன். அடுத்த தடவை விரலைக் கழுத்துவரை கொண்டுபோனேன், வைக்க முடியவில்லை. அவள் என் கையைப் பிடித்துப் பைய அப்பால் தள்ளினாள். பிறகு நர்சம்மாவைப் பார்த்தாள். "நீங்க வெளிய இருங்க அண்ணாச்சி" என்றாள் நர்சம்மா.

அன்றைக்குப் பிறகு அந்த வேலை நடக்கும்போது என்னைத் தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். வார்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அங்கிருந்து கண்டது என்னை அடியோடு கலக்கிவிட்டது. நர்சம்மாவின் வலது விரல் கழுத்துக் குழாய்ப் பக்கம் இருந்தது. அவள் இடது கை போர்வைக்குள் இருந்தது. என் மனைவியின் இடது கையும் போர்வைக்குள் இருந்தது. போர்வை அசைந்தது.

அந்த அசைவை எனக்குத் தெரியாதா? வயிற்றுப்பாட்டுக்கு அதைச் செய்கிறவன் நான். ஒரு பிடி, ஒரு தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஒரு பிடி. பேரம் நடக்கிறது. அம்மா எதிரே உட்கார்ந்திருக்க, என் துண்டு நுனிக்குக் கீழே நான் சொல்லிக்கொடுத்த கை, இந்த நர்சம்மாவோடு போர்வைக்குள் போய்விட்டது. இடக்கையால் வியாபாரம் பேசக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். வலக்கை வெந்து கிடந்ததால் இடக்கையால் பேசிக்கொண்டிருந்தாள். வேறொரு ஆம்பிளையோடு அவள் சிரித்துப் பேசியிருந்தால்கூட எனக்கு இத்தனை எரிந்திருக்காது. அதற்காவது ஊரில் ஒரு நியாயம் உண்டு. நாலு பேரைக் கூட்டிச் சண்டை போடலாம். கோழி இறகால் அவள் தொண்டையைத் துடைத்து உயிர் கொடுத்த ஒரு பொம்பளைமேல் என்னவென்று வழக்குச் சொல்வேன்?

நர்சம்மா வெளியே வந்தபோது கேட்டேன். "போர்வைக்குள்ள என்ன பேரம் நடக்கு?"

அவள் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தேன். தோள் துண்டை எடுத்து அவள் இடது கைமேல் போட்டேன். என் கையை உள்ளே விட்டு, பழைய நாளில் சொல்வது மாதிரி ஒரு எண்ணைப் பிடித்தேன். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். இன்னொரு எண். கையை இழுத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அவள் தூங்கப் பார்க்கிறாள் என்று பக்கத்துக் கட்டில்காரி எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் கடைக்கு வந்து ஒரு வண்டித் தாரை நஷ்டத்துக்கு விற்றேன். பேரம் பேசவே பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு விரலுக்குப் பதில் தக்கை வைத்தார்கள். முதலில் கொஞ்ச நேரம், பிறகு பகல் முழுக்க. வெந்த தொண்டைக்கு ஓய்வு வேண்டும், தக்கை இருந்தாலும் குழாய் எடுக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாளுக்கு நாள் அந்தப் பேரம் ஏறிக்கொண்டே போயிற்று. எனக்குத் தெரிந்ததெல்லாம் போர்வையின் அசைவுதான். நர்சம்மா ஒரு தடவைகூட இறங்கிவரவில்லை என்பதை அசைவை வைத்தே சொல்லிவிடுவேன். அவள் ஒன்றைப் பிடிப்பாள். என் மனைவி குறைப்பாள். நர்சம்மா முதலில் பிடித்ததையே மறுபடி பிடிப்பாள். இப்படி ஒரு வியாபாரியைச் சந்தையில் நான் பார்த்ததில்லை. என் மனைவி கோபத்தில் உதடு கடிப்பாள், கடைசியில் தலையசைப்பாள்.

குழாயை எடுக்கிற நாள் வந்தது. எடுத்த பிறகு மூச்சு முட்டினால் அந்த நிமிஷமே திரும்ப வைக்க வேண்டும். அதனால் ஆள் கூட்டம் வேண்டாம், ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தேன். என் மனைவி இடது கையை நீட்டினாள். என்னைத் தாண்டி நீட்டினாள். நர்சம்மா போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையை இழுத்துவிட்டார்கள்.

வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதே மூச்சில், அந்தக் கை என் கையாக இல்லையே என்று பொருமிக்கொண்டும் இருந்தேன். உள்ளே பாத்திரம் சத்தம் கேட்டது. நீண்ட இருமல் ஒன்று. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நான் உள்ளே பாய்ந்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில் ஒரு கட்டைக் குரல் கேட்டது.

"இன்னும் கூட்டுங்க. நான் தாங்குதேன்."

பொம்பளை வார்டில் ஆம்பிளை யார் என்று ஒரு கணம் கோபம்கூட வந்துவிட்டது. அது என் மனைவி. பேச்சு வந்த பிறகு முதல் வார்த்தை அதுதான். அதுவும் எனக்கு இல்லை.

திரையை விலக்கிக்கொண்டு வந்த நர்சம்மாவின் முகம் வேர்த்திருந்தது. அவளும் அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. "எடுத்தாச்சு. தொளையை விரலால மூடி எண்ணிப் பாத்தேன், மேல வழியா நல்லா மூச்சு வருது" என்றாள். பிறகு நான் கேட்காமலே சொன்னாள்: "எத்தன எண்ணு வரைக்கும் மூடி வைக்கதுங்கதுதான் அண்ணாச்சி அந்தப் பேரம். முதல்ல நான் அம்பதும்பேன், அவுக இருவதும்பாக; தக்கை வச்ச பொறவு மணிக்கணக்காச்சு. வாயால பேச முடியாத ஆளுக்கிட்ட நான் வேற எப்படிப் பேச? அவுகதான் அந்தக் கையைச் சொல்லிக்குடுத்தாக." கும்பிட்டேன். கும்பிட்டதென்னவோ மனசாரத்தான். ஆனாலும் இந்தப் பேரத்தை என்னோடு பேசியிருக்கக் கூடாதா என்ற கேள்வி அன்றைக்கே முள்ளாக ஏறி உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தாள். கழுத்துத் துளை மூடி வடுவாயிற்று. வலது கைத் தோல் இழுத்துப் பிடித்து மினுமினுத்தது; விரல்கள் வேலை செய்தன. பழைய குரல் வரவில்லை. கரகரத்த ஒரு குரல், கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும், அவ்வளவுதான். புகைப்பக்கமே போகக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. இப்போது மூட்டம் ஊதி இருமுகிறவன் நான். கூவி விற்கிறவனும் நான்தான். நர்சம்மா ஓய்வு நாளில் கடைக்கு வருவாள். பழம் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் என் மனைவியோடு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். சேலை முந்தானைக்கு அடியில் கை போகும். ஒருநாள் நர்சம்மா சிரித்ததையும் பார்த்தேன். சின்னப் பெண் மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவள் போன பிறகு கேட்டுவிட்டேன்.

"ஏளா, ஒண்ணு கேக்கணும். அந்தப் பேரத்தை எங்கிட்ட பேசியிருக்கலாம்லா? அந்தக் கையை உனக்குச் சொல்லிக்குடுத்தவன் நான். நான் துண்டைப் போட்டப்போ நீ கையை இழுத்துக்கிட்ட."

அவள் என் தோளிலிருந்து துண்டை உருவினாள். எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டாள். தழும்பேறிய வலது கை உள்ளே வந்து என் விரலைப் பிடித்தது. எத்தனை நாள் கழித்து! எதிரே மாட்டுக்குப் போடுவதற்கென்று ஒதுக்கிவைத்த அழுகல் சீப்பு ஒன்று கிடந்தது. மோவாயால் அதைக் காட்டினாள். பிறகு ஒரு விலை சொன்னாள். நல்ல தார் ஒன்றுக்குக் கேட்கிற விலை.

நான் எண்ணிப் பார்க்கக்கூட இல்லை. சரி என்று அவள் கையைப் பிடித்து அமுக்கினேன்.

அவள் துண்டை எடுத்துவிட்டாள்.

"பாத்தீகளா?" என்றாள் அந்தக் கட்டைக் குரலில். "நான் கேட்டா நீங்க குடுத்துருவீக. அன்னைக்கு நான் வேண்டாம்னு தலையை ஆட்டினதும் விரலை எடுத்துட்டீகள்லா, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ ஒரு எண்ணுகூட விட மாட்டா. உங்க கையைப் பிடிச்சிருந்தா நான் இன்னைக்கும் குழாயோடதான் கிடப்பேன்."

துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அடுத்த தடவை நர்சம்மா பழம் வாங்க வந்தபோது, இருந்ததிலேயே நல்ல தாரை இழுத்து, அதன் உச்சியில் இருக்கிற பெரிய சீப்பை வெட்டி அவள் கூடையில் வைத்தேன். வயிறு எரிந்தது. எரியட்டும் என்று இன்னொரு சீப்பையும் வெட்டி வைத்தேன்.